பூட்டும் சமநிலையும்: பறவைப் படக்காரரின் முக்காலித் தலை குறித்து

இலக்கியம் பேசும் இடத்தில் முக்காலியின் தலையைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. கருவிகளைப் பற்றிய பேச்சு என்றாலே கடைவீதிப் பேச்சு என்ற ஓர் இளக்காரம் நம்மிடம் உண்டு. நல்ல படத்தைக் கண்தான் எடுக்கிறது, கருவி இரண்டாம்பட்சம் என்று சொல்லிவிட்டு அழகியலுக்குத் தாவிவிடுகிறோம். பறவைப் படங்களைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. மீதிப் பாதி இரும்பும் அலுமினியமும் சார்ந்தது. அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

இதற்குத் தமிழிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). 1950 முதல் தம் மறைவுவரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்', பெருமாள்முருகன் பதிப்பித்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' ஆகிய நூல்களில் நம்மில் பலர் படித்திருப்போம். தெளிந்த உரைநடைக்காரராக நாம் அறிந்த அவர், தம் கேமராவைத் தாமே பூட்டிச் சேர்த்தவரும்கூட. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், வேறொரு நிறுவனத்தின் டெலி லென்ஸ், மற்ற உறுப்புகள் சொந்தக் கைவேலை. அந்தக் கனத்த கலவைக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். இந்தியக் காட்டுயிர் பற்றி 1964இல் நூல் வெளியிட்ட ஈ. பி. ஜீ அந்தக் கருவியை வியப்பும் வேடிக்கையுமாக வர்ணித்திருக்கிறார். கிருஷ்ணனுக்குக் கருவி மோகம் இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தமக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; கடையில் அது கிடைக்காதபோது செய்துகொண்டார். இன்று நிலைமை தலைகீழ். கடையில் எல்லாம் கிடைக்கிறது. எது தேவை என்பதுதான் தெரிவதில்லை.

லென்ஸுக்குப் பெருந்தொகை செலவழிப்பவர்கள் முக்காலியின் தலைக்கு வரும்போது மட்டும் சிக்கனம் பார்ப்பது பொதுவான வழக்கம். அந்தச் சிக்கனம் எங்கே இடிக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 600 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக் கேமராவில், அகலவாக்கில் ஏறத்தாழ மூன்றரைப் பாகை அளவுக்கே உலகைப் பார்க்கிறது. முப்பது மீட்டர் தொலைவில் அது காட்டும் அகலம் 1.8 மீட்டர்தான். வெளிச்சம் பதியும் நேரத்தில் லென்ஸ் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு திரும்பினால் பிம்பம் 0.1 மி.மீ. நகரும். 24 மெகாபிக்சல் சென்சாரில் அது சுமார் 17 புள்ளிகளைக் கடந்துவிடும் நகர்வு. இறகின் நுண்வரிகள் அழிந்து பூசினாற்போல ஆக அதில் கால்வாசி போதும். வினாடியில் 2000இல் ஒரு பங்கு நேரமே திறந்து மூடும் வேகத்தில் இந்த நடுக்கம் பொருட்டல்ல. விடியற்காலையின் மங்கலில், நீர்விளிம்பில் அசையாமல் நிற்கும் கொக்கை 60இல் ஒரு பங்கில் எடுக்கும்போதுதான் எல்லாம் வெளுத்துவிடும்.

ஆக, கனத்த டெலி லென்ஸைத் தாங்கும் தலைக்கு இரண்டு வேலைகள். நிற்கும் பறவைக்கு அது அசையாதிருக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு அது தடையின்றி அசைய வேண்டும். சந்தையில் கிடைக்கும் தலைகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றை நன்றாகவும் மற்றொன்றை ஒப்புக்கும் செய்பவை. குழப்பத்தின் வேர் இதுதான்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பறவைப் படக்கலையின் முதல் அரை நூற்றாண்டு பெரும்பாலும் கூட்டைச் சுற்றியே நடந்தது. கூட்டுக்குச் சில அடி தூரத்தில் மறைப்பு கட்டி, கேமராவைக் கூட்டின்மேல் குறிவைத்துப் பூட்டிவிட்டு, தாய்ப்பறவை வரும்வரை காத்திருப்பார்கள். 1949இல் வெளிவந்த ஈ. எச். என். லோதரின் இந்தியப் பறவைப் பட நூல் இந்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பறவை எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரியும். எனவே தலை ஒருமுறை பூட்டிக்கொண்டால் போதும். இன்று கூட்டுப் படங்களை ஏற்காத போட்டிகளும் இதழ்களும் பல. நல்ல மாற்றம். கூட்டை விட்டு விலகிய படக்காரர் ஏரிக்கரைக்கும் வயல்வெளிக்கும் வந்தார். அங்கே பறவை எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. பூட்டும் தலையின் காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பழக்கம் தொடர்கிறது.

இப்போது வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, மூன்று கைப்பிடிகள் கொண்ட பழைய தலை. மேல்-கீழ், இட-வலம், பக்கச்சாய்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. கட்டடங்களை எடுப்பவருக்கு அருமையான பொருள். எழுந்து பறக்கும் நாரையை மூன்று திருகுகளைத் தளர்த்தித் தொடர்வதற்குள் நாரை அடுத்த ஏரியில் இறங்கியிருக்கும்.

இரண்டாவது, கடைகளில் 'பால் ஹெட்' என்று கேட்டு வாங்கும் பந்துத் தலை. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உலோகப் பந்து, அதை இறுக்க ஒரே திருகு. சிறியது, உறுதியானது, எளியது. நிலக்காட்சிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. கனத்த லென்ஸில் இதன் குறை எடைமையத்தில் இருக்கிறது. லென்ஸின் எடைமையம் பந்துக்கு மேலே இருப்பதால், திருகைத் தளர்த்திய கணத்திலேயே அது கீழே விழப் பார்க்கிறது. கேமராவும் லென்ஸும் சேர்ந்து 5 கிலோ, எடைமையம் பந்தின் மையத்துக்கு 12 செ.மீ. மேலே என்று வைத்துக்கொள்வோம். 20 பாகை சாய்ந்ததும், 20 செ.மீ. நீளக் கோலின் முனையில் ஒரு கிலோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட அளவு முறுக்கு பந்தின்மேல் விழுகிறது. மேலும் சாயச் சாய முறுக்கும் கூடும். படக்காரரின் ஒரு கை எப்போதும் இந்த விழுதலோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அசந்தால் லென்ஸ் பொத்தென்று சாயும். நடுவில் விரல் அகப்பட்டால் நசுங்கும். இலேசான முக்காலியானால் மொத்தமும் கவிழும்.

மூன்றாவது, எண்ணெய்ப் பிசுபிசுப்பின் தடையால் சீராக நகரும் திரவத் தலை. சலனப்படக்காரர்களுடையது. மெதுவான, திடுக்கிடாத நகர்வுக்கு இதற்கு இணை இல்லை. நல்லவற்றில் எடையைச் சமன்செய்யும் விற்சுருளும் உண்டு. வீடியோவும் எடுப்பவர்கள் இதைத் தேர்வது சரி. திடீரென்று திரும்பும் ஆலாவையோ தகைவிலானையோ துரத்த இதன் தடை இடையூறாகும்.

நான்காவது, கிம்பல் தலை. இதன் தத்துவம் மிகப் பழையது. எப்பக்கம் திருப்பினாலும் மை சிந்தாத மைக்கூட்டைப் பற்றிய விவரணை கிரேக்கப் பொறியாளர் ஃபிலோவின் பெயரில் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. கடலில் கப்பல் எவ்வளவு ஆடினாலும் திசைகாட்டி கிடைமட்டமாக இருந்ததும் இதே ஏற்பாட்டால்தான். பறவைப் படக்காரர்களிடையே இதைப் பரப்பியது அமெரிக்காவின் விம்பர்லி நிறுவனம். இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. எல் வடிவக் கை ஒன்று மேலெழுந்து நிற்கும். அதன் உச்சியிலுள்ள அச்சிலிருந்து ஒரு தொட்டில் தொங்கும். அந்தத் தொட்டிலில் லென்ஸ் உட்காரும். எடைமையம் அச்சின் மட்டத்துக்கே வந்துவிடுவதால் லென்ஸுக்கு விழவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. எந்தக் கோணத்தில் கைவிட்டாலும் அங்கேயே நிற்கும். ஒரு விரலால் தள்ளினால் நகரும்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இயக்கவியலை விளக்கவே தேவையில்லை. தலைமேல் வைத்த கரகம் விழாதிருக்க ஆடுபவர் கணந்தோறும் உடலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய கலையே அதுதான். இருமுனையிலும் பாற்குடம் தொங்கும் காவடித் தண்டோ தோளில் தானாகவே அமர்கிறது. ஏனெனில் பாரம் தாங்குபுள்ளிக்குக் கீழே இருக்கிறது. பந்துத் தலையில் ஏற்றிய 600 மி.மீ. லென்ஸ் கரகம். கிம்பலில் தொங்கும் லென்ஸ் காவடியின் உறவு. முழுக்கக் காவடியாக்கிவிடவும் கூடாது. தொட்டிலை மிகவும் தாழ்த்தி எடைமையம் அச்சுக்குக் கீழே போய்விட்டால் லென்ஸ் எப்போதும் கிடைமட்டத்துக்குத் திரும்ப அடம்பிடிக்கும். அச்சின் நேர்மட்டத்தில் வைப்பதே சரி.

வாங்கியவர்களில் பலர் இந்தச் சமன்செய்தலைச் செய்வதில்லை என்பதுதான் வருத்தம். ஐந்து நிமிட வேலை. கேமரா, லென்ஸ், வெயில் மறைப்பு, பெருக்கி எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, கிடைத்திருகைத் தளர்த்தி, நீண்ட தட்டில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, மூக்கும் வாலும் சமமாகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம். பிறகு தொட்டிலின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். கடைசியாக முக்காலியின் மேல்தளம் மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸைத் திருப்பத் திருப்ப அடிவானம் சரியும். தட்டுகள் இன்று பெரும்பாலும் ஆர்க்கா-சுவிஸ் வகையைச் சேர்ந்தவை. சொந்த வடிவத் தட்டு மட்டுமே ஏற்கும் தலையை வாங்காமலிருப்பது பிற்காலத்துக்கு நல்லது.

விளம்பரங்களில் காணும் 'தாங்கும் எடை' என்ற எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருபது கிலோ தாங்கும், முப்பது கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதை நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிட வழியில்லை. பந்துக்கு நேர்மேலே வைத்த எடையைத் தாங்குவது ஒன்று. சாய்ந்து நிற்கும் எடையின் முறுக்கைத் தாங்குவது முற்றிலும் வேறு. படக்காரருக்குத் தேவை இரண்டாவது எண். அது பெட்டியில் இருப்பதில்லை. கடையில் சொந்த லென்ஸை மாட்டி, பாதி சாய்த்து, பூட்டிவிட்டு, நடுச்சட்டத்தில் ஒரு குறியை வைத்துக்கொண்டு கையை எடுத்துப் பாருங்கள். குறி எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் அந்தத் தலையின் உண்மையான தகுதி.

இத்தனையும் சொல்லியபின், எல்லோரும் கிம்பல் வாங்குங்கள் என்று முடித்தால் அது விற்பனைப் பிரதிநிதியின் பேச்சாகிவிடும். என் கட்சி அதுவல்ல. தலையைத் தேர்வதற்கு முன் லென்ஸின் எடையையும் போகும் இடத்தையும் போகும் வழியையும் எண்ண வேண்டும்.

திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த ஊர். எல்லையோர ஊர் என்பதால் பறவைப் படக்காரருக்கு இரண்டு மாநிலங்களின் நீர்நிலைகளும் ஒரு நாள் பயணத்தில் எட்டும். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டிமுடித்த பூண்டி நீர்த்தேக்கம், பழவேற்காடு ஏரி, சூளூர்ப்பேட்டை அருகே கூழைக்கடாக்கள் கூடுகட்டும் நேலப்பட்டு. இன்னும் தெற்கே வேடந்தாங்கல். ஊரைச் சுற்றியுள்ள வயல்களிலும் சிற்றேரிகளிலும் கொக்கு, மடையான், கரிச்சான், பஞ்சுருட்டான், மின்கம்பியில் பனங்காடை. இங்கிருந்து மின்சார ரயிலிலும் பேருந்திலும் போகிறவருக்கு எடையே முதல் பிரச்சினை. 1999இல் வந்த கேனன் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் எடை 5.36 கிலோ. கேமரா உடல் ஒரு கிலோவுக்கு மேல், விம்பர்லி தலை சுமார் 1.4 கிலோ, உறுதியான முக்காலி இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆகப் பத்து கிலோ. மலைக்கோயிலின் 365 படிகளைப் பத்து கிலோ மூட்டையோடு ஏறிப் பார்த்தால் இந்த எண்ணுக்குப் பொருள் விளங்கும்.

நம் ஊர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது அந்த லென்ஸும் அல்ல. 150–600 அல்லது 200–600 மி.மீ. ஜூம் லென்ஸ்; எடை இரண்டு கிலோவைச் சுற்றி. நிக்கானின் 200–500 மி.மீ. 2.3 கிலோ. இவற்றுக்கு முழு கிம்பல் தேவையில்லை என்பது என் துணிபு. ஒற்றைக் காலியும் அதன்மேல் முன்பின் சாயும் ஒரு சிறு தலையும் போதும். கைவலி தீரும், நடை தடைபடாது. ஏற்கெனவே நல்ல பந்துத் தலை இருந்தால், அதன் பக்கவாட்டுப் பள்ளத்தில் செருகி அதைக் கிம்பலாக மாற்றும் இணைப்பு ஒன்றும் கிடைக்கிறது. மூன்று கிலோவைத் தாண்டும் லென்ஸ், நாள் முழுதும் ஒரே கரையில் இருப்பு என்றால் முழு கிம்பலைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்கமாட்டேன்.

இடமும் தீர்ப்பு சொல்லும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியின் ஊடாகச் செல்கிறது. அங்கே காரின் கதவைத் திறந்தாலே பறவைகள் விலகும். முக்காலிக்கு வேலையே இல்லை. அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, லென்ஸை அதில் அமர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டால் எந்த விலையுயர்ந்த தலையும் தராத நிலைப்பு கிடைக்கும். தையற்கடையில் அரை மணியில் தைத்து வாங்கலாம். ஏரிக்குள் இறங்கி நின்றால் வேறு தொல்லைகள்: கால்கள் சேற்றில் புதையும், உப்புநீர் பூட்டுகளை அரிக்கும். திரும்பியதும் நன்னீரில் கழுவாவிட்டால் அடுத்த ஆண்டு கால்கள் நீளாது. வெயில் ஏறிய பிறகு தொலைவிலுள்ள பூநாரைக் கூட்டத்தை எந்தத் தலையாலும் கூர்மையாக எடுக்க முடியாது. நடுவிலிருக்கும் கானல் காற்றுதான் படத்தைக் கெடுக்கிறது. பழி மட்டும் கருவிமேல் விழுகிறது. வேடந்தாங்கலின் கரையில் நிலைமை நேர்மாறு. பறவைகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். நீங்கள் இடம்பெயர வேண்டியதில்லை. கிம்பலுக்கென்றே அமைந்த கரை அது. நீர்விளிம்பில் ஓடும் சிறு உள்ளான்களை அவற்றின் கண்மட்டத்தில் எடுக்க வேண்டுமானால் கிம்பலின் உயரமே தடையாகும். அங்கே மறுபடியும் துணிப்பை.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். முக்காலியின் காலமே முடிந்துவிட்டது என்கிறார்கள். அதில் பொருளில்லாமல் இல்லை. 5.36 கிலோவாக இருந்த அதே கேனன் 600 மி.மீ. லென்ஸ் 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில் 3.05 கிலோ ஆயிற்று. 2019இல் வந்த சோனியுடையது 3.04 கிலோ. நடுக்கம் குறைக்கும் பொறி லென்ஸிலும் சென்சாரிலும் சேர்ந்தே இயங்குகிறது. கண்ணாடியற்ற கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன. எல்லோரும் கையிலேயே பிடித்து எடுக்கிறார்கள், நன்றாகவே எடுக்கிறார்கள். பிறகு ஏன் இந்த இரும்புச் சுமை?

என் பதில் படத்தின் கூர்மையைப் பற்றியதல்ல, பறவையைப் பற்றியது. கையில் பிடித்த லென்ஸ் படக்காரரை நடக்கவைக்கிறது. இன்னும் நாலடி, இன்னும் நாலடி என்று நெருங்கச் செய்கிறது. அந்த நாலடிகளின் விலையைக் கொடுப்பது பறவை. கூடுகட்டும் காலத்தில் கூழைக்கடாவோ நத்தைகுத்தி நாரையோ மிரண்டு எழுந்தால், காலியான கூட்டிலிருந்து காகம் முட்டையைத் தூக்கிப்போகும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும். முக்காலியும் கிம்பலும் ஏந்தியவர் அப்படி நெருங்கிக்கொண்டே போக முடியாது. ஓரிடத்தில் ஊன்றினால் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருந்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பறவைகள் அவரைக் கரையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்கின்றன. மூன்று கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் காத்திருப்பது இளைஞருக்கே கடினம். கை தளரும்போது லென்ஸ் தாழ்கிறது. தாழ்ந்த லென்ஸை மறுபடி உயர்த்தும் அந்த அசைவில்தான் மீன்கொத்தி பறந்துபோகிறது. சமநிலையில் நிற்கும் லென்ஸுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படிப் பார்ப்பவருக்கே பறவை எழுவதற்கு முன் உடலைத் தாழ்த்துவதும், அந்தரத்தில் சிறகடித்து நிற்கும் கருப்புவெள்ளை மீன்கொத்தி பாய்வதற்கு முன் அலகைக் கீழ்நோக்குவதும் தெரியவரும்.

நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்ன சத்திமுத்தப் புலவர் எவ்வளவு நேரம் அந்தப் பறவையைப் பார்த்திருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஓடிப்போய்ப் பார்த்த பார்வையில் அந்த உவமை வந்திருக்காது.

வேடந்தாங்கலின் பறவைகளைச் சுடுவதற்கு எதிராகப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் ஆணை பெற்றவர்கள் அந்த ஊர் விவசாயிகள். எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் காத்துத் தந்த கரைகளில்தான் இன்று நாம் லென்ஸோடு நிற்கிறோம். கருவியைத் தேர்வதில் இந்தக் கடனும் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

ஆகவே, புதிதாகத் தொடங்கும் நண்பர்களுக்கு என் யோசனை இது. முதலில் ஒரு துணிப்பை. அடுத்து, இரண்டு கிலோ லென்ஸுக்கு ஒற்றைக் காலி. கனத்த லென்ஸ் வாங்கும் நாள் வந்தால், அதே நாளில் நடுத்தண்டு இல்லாத முக்காலிக்கும் கிம்பல் தலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். அது முடியாதென்றால் லென்ஸ் வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போடலாம். பழவேற்காட்டுக்குப் பூநாரைகள் அடுத்த குளிர்காலத்திலும் வரும், நாம் விரட்டாதிருந்தால்.